குற்றம் நிரலிலா, சூழலிலா?

ஒரு நூல் அச்சாகி வெளிவருவதற்கு ஆசிரியர் எழுதிய கையெழுத்துப்படி மட்டும் போதியதன்று. அச்சுக்கூடத்தில் வேண்டிய எழுத்துக்கள் இருத்தல் வேண்டும். அவை உரிய அறைகளில் இடப்பட்டிருத்தல் வேண்டும். தாளும் மையும் ஒன்றோடொன்று இணங்குவனவாய் அமைதல் வேண்டும். ணகர அறைக்குள் னகரத்தை யாரோ மாற்றிப் போட்டுவிட்டால், அச்சுக் கோப்பவர் எத்துணைக் கவனமாகக் கோத்தாலும் ‘மணம்’ என்பது ‘மனம்’ ஆகியே தீரும். படித்துப் பார்ப்பவர் ஆசிரியரைக் குறைகூறுவார். ஆசிரியரோ, தாம் சரியாக எழுதிய சொல்லையே மீண்டும் மீண்டும் உற்றுநோக்கிக்கொண்டிருப்பார். எழுத்துப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் இருவருக்கும் எளிதில் உதிப்பதில்லை.

கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கு இத்தகைய இடர் அடிக்கடி நேர்வதுண்டு. நிரல் என்பது மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதப்படும் கட்டளைத் தொகுதி. அதனைக் கணினியின் பொறி நேரே விளங்கிக்கொள்ளாது. தொகுப்பி என்னும் கருவி அதனைப் பொறிக்கு ஏற்ற வடிவமாக மாற்றும். பிறர் முன்னரே எழுதிவைத்த நூலகங்கள் பல அதனோடு இணைக்கப்படும். படங்களும் சொற்பட்டியல்களும் உரிய இடங்களிற் சேர்க்கப்படும். இவ்வளவும் முடிந்த பின்னரே பயன்படுத்தத்தக்க மென்பொருள் ஒன்று கைக்கு வரும். இவ்வேலை முழுவதையும் கட்டுமானம் எனலாம். கட்டுமானம் இடையில் முறிந்தால் கணினி பிழைச்செய்தி ஒன்றைத் திரையிற் காட்டும். அச்செய்தி பெரும்பாலும் நிரலின் ஒரு கோப்பையோ ஒரு வரியையோ சுட்டி நிற்கும். புதிதாய்ப் பயில்வோர் உடனே அவ்வரியைத் திருத்தப் புகுவர்.

பிழைச்செய்தி சொல்வது யாது? கருவி எவ்விடத்தில் தடுக்கி விழுந்தது என்பதை மட்டுமே அது சொல்கின்றது. தடுக்கிய கல் எங்கிருந்து வந்தது என்பதை அது அறியாது. கல் நிரலிலேயே கிடந்தால் வரியைத் திருத்துவது சரி. நிரல் பிழையற்றதாய் இருக்க, அது கட்டப்படும் இடத்தின் அமைப்பில் கல் கிடந்தால், வரியைத் திருத்துவோர் இல்லாத நோய்க்கு மருந்து உண்பவர் ஆவர். நல்ல நிரல் அதனாற் கெட்டுப்போகும். பின்னர் உண்மைக் காரணம் தெரியவந்தாலும், கைபட்டுக் கெட்ட வரிகள் எவை என்பது தெரியாமற் போகும்.

கட்டப்படும் இடத்தின் அமைப்பையே சூழல் என்கின்றோம். இச்சொல்லுக்குக் கணினித்துறையில் திட்டமான பொருள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பதிப்பில் ‘சூழல் மாறி’ என்பது புகுத்தப்பட்டது. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. இத்தகைய இணைகள் பல சேர்ந்த பட்டியலே சூழல். வீட்டுக் கோப்புறை எது, பயன்படுத்துவோரின் மொழி எது, கருவிகளை எங்கெங்கே தேட வேண்டும் என்பனவெல்லாம் அப்பட்டியலில் அடங்கும். இன்றைய லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் இம்முறையே நிலவுகின்றது.

இப்பட்டியலின் இயல்பொன்றை நன்கு மனத்திற்கொள்ளுதல் வேண்டும். கணினியில் ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தொடங்கும்போது, தன்னிடமுள்ள சூழற் பட்டியலின் படியொன்றை அதன் கையிற் கொடுத்து அனுப்புகின்றது. ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு போன்றது அது. பிள்ளை புறப்பட்டுப் போன பின் அடுப்படியில் எத்துணைச் சுவையான கறி சமைத்தாலும் அது பிள்ளையின் பொதிக்குள் போய்ச் சேராது. பிள்ளை வழியில் வாங்கிய பண்டமும் தாயின் பானைக்குத் திரும்பி வருவதில்லை. ஆகவே, கட்டளைச் சாளரம் ஒன்று திறந்திருக்கும்போது கணினியின் அமைப்புப் பக்கத்திற் சென்று ஒரு மாறியைத் திருத்தினால், அத்திருத்தம் அச்சாளரத்துக்குத் தெரியாது. சாளரத்தை மூடிப் புதிதாய்த் திறத்தல் வேண்டும். ‘திருத்தியும் பயனில்லை’ என்று முறையிடுவோரில் ஒரு பகுதியினரின் துன்பம் இவ்வளவே. திருத்தம் பயனற்றதென்று கருதி அதனை அழித்துவிட்டு, தவறான வேறொரு வழியில் அவர்கள் இறங்கிவிடுவதுதான் வருந்தத்தக்கது.

மாறிகளுள் தலையாயது ‘பாத்’ எனப்படுவது. அது கோப்புறைகளின் வரிசைப் பட்டியல். ஒரு கருவியின் பெயரைச் சொல்லி அழைத்தால், கணினி அவ்வரிசையில் முதலாவது கோப்புறையிலிருந்து தேடத் தொடங்கி, அப்பெயருடைய கருவியை முதன்முதலாக எங்கே காண்கின்றதோ அதனையே இயக்கும். ஒரே தெருவில் கந்தசாமி என்னும் பெயருடையோர் மூவர் வாழ, புதிதாய் வந்த தபாற்காரர் முதல் வீட்டிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவதை இதற்கு ஒப்பிடலாம். புதிய பதிப்பை நிறுவிய பின்னும் பழைய பதிப்பே இயங்குகின்றது எனின், பழையவர் தெருவின் முன்வீட்டில் இன்னும் குடியிருக்கின்றார் என்பது கருத்து.

ஜாவா மொழியில் நிகழும் ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம். ஜாவாவின் 8ஆம் பதிப்பு 2014இலும் 17ஆம் பதிப்பு 2021இலும் வெளிவந்தன. ஒருவரது கணினியில் 8ஆம் பதிப்பு முன்னரே இருந்தது. அவர் 17ஆம் பதிப்பையும் நிறுவினார். கட்டளைச் சாளரத்தில் ஜாவாவின் பதிப்பை வினவினார். 17 என்று விடை வந்தது. மனநிறைவோடு மேவன் என்னும் கட்டுமானக் கருவியை இயக்கினார். ‘17 என்னும் இலக்குப் பதிப்பு செல்லாது’ என்னும் கருத்துப்பட ஒரு பிழைச்செய்தி தோன்றியது. அவர் திகைத்தார். நிறுவியிருப்பது 17, கேட்டிருப்பதும் 17, பின் செல்லாதது எங்ஙனம்?

மறைபொருள் யாதெனின், மேவன் பாத் பட்டியலை முதலிற் பார்ப்பதில்லை. ‘ஜாவா ஹோம்’ என்னும் வேறொரு மாறி குறிக்கப்பட்டிருந்தால் அது காட்டும் ஜாவாவையே எடுத்துக்கொள்ளும். அம்மாறி குறிக்கப்படாதவிடத்தே பாத் பட்டியலை நாடும். இங்கே ஜாவா ஹோம் பழைய 8ஆம் பதிப்பைச் சுட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் பதிப்பின் தொகுப்பிக்குப் பதினேழு என்பது எதிர்காலம். தான் அறியாத எண்ணைக் கண்டு ‘செல்லாது’ என்றது. அதனளவில் அது சொன்னது உண்மையே.

நேயர்கள் இதன் பின்விளைவைக் கருதிப் பார்த்தல் வேண்டும். சூழலை நோக்கத் தெரியாதவர், திட்டக் கோப்பில் 17 என்றுள்ள எண்ணை 8 என்று மாற்றுவார். உடனே அப்பிழைச்செய்தி மறைந்துவிடும். ஆனால் 16ஆம் பதிப்பில் நிலைபெற்ற ‘றெக்கோட்’ என்னும் அமைப்பை நிரலில் எங்கேனும் பயன்படுத்தியிருந்தால், பழைய தொகுப்பி அதனைப் புரிந்துகொள்ளாமல் ஒரே முறையில் இருபது முப்பது பிழைகளைக் கொட்டும். அவர் அவ்வமைப்புக்களையெல்லாம் களைந்து பழைய முறையில் திருப்பி எழுதத் தொடங்குவார். ஒரு மாறியைத் திருத்தினால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் காரியம், இரண்டு நாட்களை விழுங்குவதோடு நல்ல நிரலையும் கெடுத்துவிடுகின்றது. அதனினும் பெரிய கேடு, தமக்கு நிரல் எழுத வராது என்று அவர் முடிவுகட்டி எழுந்து போய்விடுதல்.

இவ்விடத்தில் செய்யத்தக்கது எளிது. மேவனையே நோக்கி, நீ எந்த ஜாவாவைக் கொண்டு இயங்குகின்றாய் என்று வினவ வேண்டும். அதன் பதிப்பை வினவும் கட்டளை, மேவனின் பதிப்போடு அது பயன்படுத்தும் ஜாவாவின் பதிப்பையும் அது இருக்கும் கோப்புறையையும் சேர்த்தே அச்சிடும். விடையில் ‘1.8’ என்று காணப்பட்டால் அதுவே 8ஆம் பதிப்பு. பழைய எண்முறையில் அங்ஙனம் எழுதுவர். இது தெரியாமல் 1.8 என்பதை வேறொரு பதிப்பென்று கருதி மயங்குவோரும் உளர். இங்குள்ள பொதுவிதி இதுதான்: வேறோரிடத்தில் கேட்ட விடையைக் கொண்டு மனம் நிறைவுறாமல், வேலை முறிந்த கருவியிடமே கேட்டல் வேண்டும். ஒரு கருவி எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை அறிய லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச்’ என்னும் கட்டளையும், விண்டோஸில் ‘வேர்’ என்னும் கட்டளையும் உள. விண்டோஸின் கட்டளை, வரிசையிலுள்ள கந்தசாமிகள் அனைவரையும் ஒருசேரக் காட்டிவிடும். முதலில் நிற்பவரே ஆட்சி செய்பவர்.

பாத் பட்டியலைத் திருத்தப் புகுவோர்க்கு எச்சரிக்கை ஒன்று. விண்டோஸில் ‘செட்எக்ஸ்’ என்னும் கட்டளையைக் கொண்டு அப்பட்டியலை நீட்ட முற்பட்டால், 1024 எழுத்துக்களுக்கு மேற்பட்ட பகுதியை அது வெட்டி எறிந்துவிடும். ஓர் எச்சரிக்கை வரியை அது காட்டுவது உண்மையே. ஆயினும் அதனைப் படிப்பவர் சிலர். ஒரு கருவியைச் சேர்க்கப்போய்ப் பல கருவிகளை இழந்த கதை இதனாற் பலர்க்கு நேர்ந்துள்ளது. அமைப்புப் பக்கத்தின் வழியே திருத்துவதும், திருத்துமுன் பழைய பட்டியலை ஒரு கோப்பிற் படியெடுத்து வைப்பதும் நல்லன. மேக் கணினி உடையோர்க்கு வேறொன்று சொல்ல வேண்டும். 2019இல் வந்த கற்றலினா என்னும் பதிப்பு முதலாக, அக்கணினியில் இயல்பாக அமையும் கட்டளை ஓடு ‘பாஷ்’ அன்று, ‘ஸெட்ஷெல்’ ஆகும். பாஷுக்கு உரிய கோப்பில் எழுதிய மாறிகளைப் புதிய ஓடு படிப்பதில்லை. பழைய பாடக்குறிப்பைப் பார்த்து ஒழுங்காகச் செய்தும் பயன்பெறாதோர் இதனை நோக்குக.

சரியான நிரலிற் பிழை தேடி அலைவது இன்று நேற்று வந்த துன்பமன்று. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில், ஸ்ரீவ் ஜோன்சன் என்னும் நிரலாளர் தம் நண்பர் ஸ்ருவேட் ஃபெல்ட்மனின் அறைக்குள் விதியை நொந்தபடி புகுந்தார். காலைப்பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி அவர் கழித்திருந்தார். அப்பிழையோ முன்னரே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பை மறுபடியும் தொகுப்பியிற் கொடுக்காமையால் பழைய பொறிவடிவமே ஒவ்வொரு முறையும் இணைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஃபெல்ட்மனும் முன்னைநாள் மாலை அதே துன்பத்தில் உழன்றவர். இதற்கு ஒரு வழி காண வேண்டுமென்று அவர் 1976இல் ஆக்கிய கருவியே ‘மேக்’ என்பது. மூலக்கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும், அதிலிருந்து ஆக்கப்பட்ட கோப்பின் நேரத்தையும் அது ஒப்பிடும். மூலம் புதியதாயின் மீண்டும் தொகுக்கும்; இன்றேல் வாளாவிருக்கும். இதற்காக 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் விருதினைக் கணினிப் பொறியியக்கச் சங்கம் அவருக்கு வழங்கியது.

நேரத்தைக் கொண்டு முடிவுசெய்யும் இம்முறை நேர்த்தியானது. ஆனால் அதுவும் சூழலை நம்பி நிற்பது. கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் நிறுத்தப்பட்ட வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓடச்செய்வது அதுவே. சில ஆண்டுகளில் அது வலுவிழந்துபோகும். அதன் பின், கணினியைத் திறக்குந்தோறும் கடிகாரம் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். இணையத் தொடர்புள்ள கணினி தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளக்கூடும். தொடர்பற்ற கணினி அவ்வாறு செய்ய இயலாது. பல ஆண்டுகள் உழைத்த கணினிகளை வைத்திருக்கும் பாடசாலைக் கூடங்களில் இதற்கு வாய்ப்பு மிகுதி.

அத்தகைய கணினியில் இன்று ஒரு கோப்பைத் திருத்தினால் அதன்மேற் பதியும் திகதி, சென்ற மாதம் தொகுத்த கோப்பின் திகதிக்கு முந்தியதாய் இருக்கும். மேக் இரண்டையும் ஒப்பிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகட்டி நிற்கும். திருத்தம் செய்தவர் எத்தனை முறை திருத்தினும் விளைவு மாறாது. ஜோன்சன் அடைந்த துன்பம், அதனை நீக்க வந்த கருவியின் வழியாகவே திரும்பி வந்துவிடுகின்றது! சில வேளைகளில் மேக் தானே ஐயுற்று, கடிகாரத்திற் பிறழ்வு காணப்படுகின்றது, கட்டுமானம் முழுமையுறாதிருக்கலாம் என்று எச்சரிப்பதும் உண்டு. கடிகாரம் தவறிய கணினியில் இணையத்திலிருந்து நூலகங்களை இறக்க முயன்றால், மறுமுனையின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று அது மறுத்துவிடும். பிழைச்செய்தி சான்றிதழைப் பற்றிப் பேசும். பழுதோ சிறு மின்கலத்தில். இதனை அறியாதார் சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவிட்டு மேலே செல்வர். வீட்டுக் கதவின் பூட்டுத் திறக்கவில்லையென்று கதவையே கழற்றி வைப்பதனை இது ஒக்கும்.

கண்ணுக்குப் புலனாகாத எழுத்துக்களும் சூழலைச் சார்ந்த இடர்களைத் தருவன. மேக் கருவியின் கட்டளைக் கோப்பில் சில வரிகள் ‘டாப்’ என்னும் தாவல் எழுத்தோடு தொடங்க வேண்டும். எழுதுகருவியின் அமைப்பு அத்தாவலை எட்டு வெற்றிடங்களாக மாற்றிவிட்டால், பார்வைக்கு ஒரு வேறுபாடும் இராது. கருவியோ ‘பிரிப்பானைக் காணோம்’ என்று நின்றுவிடும். இவ்விதி தொல்லை தருவதென்று ஃபெல்ட்மன் தொடக்கத்திலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனராம். அவர்களுக்கு இடையூறு செய்ய விரும்பாமல் அவர் அதனை அப்படியே விட்டார். பன்னிருவர்பாற் காட்டிய இரக்கம் உலகத்து நிரலாளர் அனைவரையும் இன்றுவரை வருத்துகின்றது.

வரி முடிவு இன்னொன்று. தட்டச்சுப்பொறியில் ஒரு வரி முடிந்ததும் வண்டியை வலப்பக்கம் தள்ளுவதும், தாளை ஒரு வரி மேலே உருட்டுவதும் ஆகிய இரு செயல்கள் நிகழும். தொலைத்தட்டச்சுப் பொறியில் இவற்றுக்கு இரு வேறு குறிகள் இருந்தன. விண்டோஸ் இன்றும் இரண்டையும் எழுதுகின்றது. யூனிக்ஸ் மரபில் வந்தவை இரண்டாவதை மட்டும் எழுதுகின்றன. விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பை லினக்ஸிற் கொண்டுபோய் இயக்கினால், முதல் வரியிலுள்ள கருவிப் பெயரின் இறுதியில் மிகையான குறியொன்று ஒட்டிக்கொள்ளும். அப்பெயரில் ஒரு கருவியும் இல்லையாதலால் வேலை நின்றுவிடும். ஆங்கிலத்தின் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாடும் இத்தகையதே. விண்டோஸும் மேக்கும் கோப்புப் பெயர்களில் அவ்வேறுபாட்டை இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை; லினக்ஸ் பொருட்படுத்தும். ஒன்றில் ஓடியது மற்றொன்றில் ‘கோப்பில்லை’ என்று முறியும்.

தமிழ் பேசுவோர்க்கு இவற்றையெல்லாம் விட நெருங்கிய இடர், எழுத்துக் குறிமுறையைப் பற்றியது. கணினியில் எழுத்துக்கள் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் தமிழெழுத்துக்களின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுக்களைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் உள. எனவே பதினைந்து பைட்டுக்கள். விண்டோஸ் கணினி ஆங்கில அமைப்பில் இருப்பின், அதன் பழைய இயல்புக் குறிமுறை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென அமைந்த 1252 என்னும் அட்டவணை. அது பைட்டொன்றுக்கு ஓரெழுத்தாகப் படிக்கும். பதினைந்து பைட்டுக்களையும் அது பதினைந்து அயலெழுத்துக்களாகக் கொள்ள முற்படும்.

இங்கே ஒரு புதுமை. அவ்வட்டவணையில் ஐந்து இடங்கள் வெற்றிடங்களாக விடப்பட்டுள்ளன. தமிழின் மெய்யெழுத்துப் புள்ளியும், உகர உயிர்க்குறியும், ஏகார ஐகார உயிரெழுத்துக்களும் முடிவடையும் பைட்டுக்கள் அவ்வெற்றிடங்களில் வந்து விழுகின்றன. ஆகவே ‘மலை’ என்று எழுதிய கோப்பைப் பைத்தன் மொழி நிரலொன்று அக்குறிமுறையிற் படித்தால், பிழைச்செய்தி யாதுமின்றிப் பொருளற்ற எழுத்துக்களாகப் படித்துவிட்டுப் போகும். ‘மண்’ என்று எழுதியிருந்தால் புள்ளியிடத்தில் முறிந்து நிற்கும். மலைக்கு இணங்கும் கணினி மண்ணுக்கு இணங்காதது ஏன் என்று நிரலைத் துருவித் துருவிப் பார்ப்பவர்க்கு விடை கிடையாது. சில பைத்தன் பொதிகள் தம்மை நிறுவும் வேளையில் தம் அறிமுகக் கோப்பைத் தாமே படிப்பன. அக்கோப்பில் தமிழ்ச்சொற்கள் இருந்து, குறிமுறையும் குறிக்கப்படாதிருந்தால் நிறுவலே முறிந்துவிடும். 2018இல் வந்த பைத்தன் 3.7ஆம் பதிப்பு முதலாக, ‘பைத்தன் யூடிஎஃப்-8’ என்னும் சூழல் மாறிக்கு ஒன்று என்னும் மதிப்பைக் கொடுத்தால் இவ்விடர் நீங்கும். எனினும், கோப்பைத் திறக்கும் வரியிலேயே குறிமுறையை எழுதிவைப்பது அதனினும் சிறந்தது. அது கணினிக்குக் கணினி மாறாது. கோப்புறைப் பெயரும் கவனிக்கத்தக்கது. விண்டோஸில் அன்ட்றோயிட் செயலி கட்டுவோர் தம் திட்டத்தைத் தமிழ்ப்பெயருடைய கோப்புறையில் வைத்தால், அக்கருவி தொடக்கத்திலேயே மறுத்துவிடும். தமிழ்ப்பெயரிடும் ஆர்வம் பாராட்டற்குரியதே. அதனைச் செயலியின் முகப்பிற் காட்டுவது நலம்.

பிறமொழியாளர்க்கும் இத்துன்பம் உண்டு. துருக்கி நாடு 1928இல் இலத்தீன் எழுத்தை ஏற்றது. ஆங்கில நெடுங்கணக்கில் ஒன்பதாவதாக உள்ள ஐ என்னும் எழுத்து அவர்களுக்கு இரண்டாகும்: புள்ளியுள்ளது ஒன்று, புள்ளியற்றது ஒன்று. புள்ளியற்ற பேரெழுத்தின் சிற்றெழுத்தும் புள்ளியற்றே இருக்கும். எனவே ‘டைட்டில்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பேரெழுத்திலிருந்து சிற்றெழுத்துக்கு மாற்றும் ஜாவா நிரல், துருக்கி மொழியமைப்புள்ள கணினியில் வேறொரு சொல்லைத் தரும். இலண்டனில் ஓடிய கட்டுமானம் அங்காராவில் முறிவதற்கு இது போதும். ஜாவாவின் சொந்த ஆவணமே இவ்வுதாரணத்தைக் காட்டி எச்சரிக்கின்றது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையே காரணத்தைக் காண்பது எங்ஙனம்? முதலாவது, கொட்டிக்கிடக்கும் பிழைகளுள் இறுதியிலுள்ளதை விட்டு முதலிலுள்ளதைப் படித்தல் வேண்டும். திரை இறுதியைக் காட்டி நிற்பதால் பலரும் அதனையே படிக்கின்றனர். பின்வருவனவெல்லாம் பெரும்பாலும் முதற்பிழையின் பிள்ளைகள். அடுத்து, முன்னைய கட்டுமானத்தில் எஞ்சிய கோப்புக்களை நீக்கிவிட்டு வெறுந்தரையிலிருந்து தொடங்குதல் நன்று. அதன் பின்னும் பிழை நின்றால், அதே நிரல் ஓடுகின்ற மற்றொரு கணினியைத் தேடல் வேண்டும்.

‘என் கணினியில் ஓடுகின்றதே’ என்று நண்பர் சொல்லும்போது பலர்க்குச் சினம் எழுகின்றது. உண்மையில் அது கிடைத்தற்கரிய உதவி. நிரல் ஒன்றே, ஓரிடத்தில் ஓடுகின்றது, ஓரிடத்தில் ஓடவில்லை. ஆகவே காரணம் இரண்டிடங்களுக்குமுள்ள வேறுபாட்டுக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். லினக்ஸில் ‘என்வ்’ என்னும் கட்டளையும் விண்டோஸில் ‘செட்’ என்னும் கட்டளையும் சூழற் பட்டியலை முழுமையாக அச்சிடும். இரு பட்டியல்களையும் அகரவரிசைப்படுத்தி அருகருகே வைத்து ஒப்பிட்டால், வேறுபடும் வரிகள் சிலவே எஞ்சும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கட்டிப் பார்த்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிப் பிழை மறைந்தால் எது மருந்தென்று தெரியாது; நோய் திரும்பி வரும் நாளில் மீண்டும் மூன்றையும் தேட நேரும். பட்டியலைப் பிறர்க்கு அனுப்புமுன் அதிலுள்ள கடவுச்சொற்களையும் இரகசியத் திறப்புக்களையும் நீக்கிவிடுதல் வேண்டும். சூழல் மாறிகளில் அவற்றை வைத்திருப்போர் பலர்.

ஒரே கணினியிலும் இரண்டு சூழல்கள் இருக்கக்கூடும். பகலிற் கையால் இயக்கும்போது ஓடும் கட்டுமானம், இரவில் ‘கிரொன்’ என்னும் நேரங்குறித்து இயக்கும் கருவியின்கீழ் முறிவதுண்டு. கிரொன் இயல்பாக மிகக் குறுகிய பாத் பட்டியலையே கொடுத்து அனுப்புகின்றது. பயன்படுத்துவோர் தம் வீட்டுக் கோப்புறையிற் சேர்த்துவைத்த கருவிகள் அதன் கண்ணிற் படா. இத்தகைய மறைவான சார்புகளை முன்கூட்டியே காண விரும்புவோர் ‘என்வ்’ கட்டளையோடு ஒரு சிறு குறியைச் சேர்த்து, மாறிகள் யாவும் நீக்கப்பட்ட வெறுஞ்சூழலில் கட்டிப் பார்க்கலாம். எது இல்லாமல் முறிகின்றதோ அதுவே இதுவரை எழுதப்படாதிருந்த நிபந்தனை.

காரணம் தெரிந்ததும் பலர் தம் கணினியை மட்டும் திருத்திவிட்டு அமைகின்றனர். அந்நிபந்தனை, நிரலோடு கூடவே செல்லும் கோப்பொன்றில் எழுதப்படாவிடின், அடுத்து வருபவர் அதே குழியில் விழுவார். ஜாவாவின் எப்பதிப்பு வேண்டும், எக்குறிமுறை வேண்டும், எக்கருவிகள் முன்னரே இருத்தல் வேண்டும் என்பன திட்டக் கோப்பிலேயே இடம்பெறத் தக்கன. அத்துறையில் இன்னும் ஒருபடி மேலே சென்றவர்கள், நிரலோடு அதன் சூழலையும் ஒரே பெட்டகமாகக் கட்டி அனுப்பும் முறையைக் கண்டனர். 2013இல் வெளிவந்த டொக்கர் என்னும் கருவி இம்முறையை உலகெங்கும் பரப்பியது. பெட்டகத்தைப் பெறுபவரின் கணினி எதுவாயினும், உள்ளேயிருக்கும் சூழல் அனுப்பியவர் வைத்தபடியே இருக்கும்.

ஆயினும், அனுப்பியவர் வையாதது அதனுள்ளும் இராது. வெறுமையான லினக்ஸ் அடிப்படையில் ஆக்கப்படும் பெட்டகங்கள் பலவற்றில் மொழியமைப்பைச் சுட்டும் ‘லாங்’ என்னும் மாறி குறிக்கப்பட்டிருப்பதில்லை. அந்நிலையில் ஜாவாவின் 17ஆம் பதிப்பு, நூற்றிருபத்தெட்டுக் குறிகளே உடைய பழைய அஸ்கி முறையை இயல்பாகக் கொள்ளும். நிரலிலுள்ள தமிழ்ச்சொல்லின் முதற் பைட்டிலேயே, இவ்வெழுத்து இக்குறிமுறைக்கு ஒவ்வாது என்று முறையிடும். 2022இல் வந்த 18ஆம் பதிப்பு முதலாகத்தான் யூடிஎஃப்-8 எங்கும் இயல்பாயிற்று. அதற்கு முந்திய பதிப்புக்களைக் கொண்டு தமிழ் நிரல்களைக் கட்டுவோர், மேவனின் திட்டக் கோப்பில் மூலக்கோப்புக்களின் குறிமுறை யூடிஎஃப்-8 என ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும்.